மலைக் கட்டத்தைச் சாலையோரம் நின்று பார்ப்பது எப்படி: கோல குபு பாருவிலிருந்து கெந்திங் வரை

முதல் தடவை போனபோது நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். மலேசியாவில் பல நாள் நடக்கும் லங்காவி சைக்கிளோட்டத்தின் (Tour de Langkawi) ஒரு கட்டம் கெந்திங் மலையில் முடிகிறது என்று கேள்விப்பட்டு, விடிவதற்குள் எங்கள் ஊரான கோல குபு பாருவிலிருந்து கிளம்பினேன். நேராக உச்சிக்குப் போய் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். தடுப்புக் கம்பிக்குப் பின்னால் ஐந்து வரிசை ஆட்கள். மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கியது. ஒலிபெருக்கியில் ஒருவர் மலாயில் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் தோள்களுக்கு நடுவே ஒரு தலைக்கவசம் போனது. அப்புறம் இன்னும் இரண்டு. யார் ஜெயித்தார் என்பதே வீட்டுக்கு வந்து செய்தி பார்த்த பிறகுதான் தெரிந்தது. நாலரை மணி நேரம் காத்து, பார்த்தது நாற்பது விநாடி.

அதற்கப்புறம் பல தடவை போயிருக்கிறேன். உச்சிக்கு ஒருநாளும் போனதில்லை. மலைக் கட்டத்தில் முடிவுக்கோடு என்பது கணக்கை எழுதி வைக்கும் இடம். பந்தயம் உடையும் இடம் அதற்குச் சில கிலோமீட்டர் கீழே இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, கையில் ஒரு கடிகாரத்தோடு, கடைசி ஆள் போகும்வரை நிற்கவேண்டும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சைக்கிளோட்டமே புதிது என்பவர்களுக்கு இரண்டு வரி. லங்காவி சைக்கிளோட்டம் 1996இல் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம். சமதளக் கட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே கூட்டமாக வந்து சேர்வார்கள், அந்தக் கூட்டம் முழுவதற்கும் ஒரே நேரம்தான் எழுதப்படும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நாள்கணக்கில் ஓடியும் முதல் இருபது பேருக்குள் சில விநாடி வித்தியாசம்தான் இருக்கும். மலை வந்தால் நிமிடக் கணக்கில் பிரியும். ஒரு வாரப் பந்தயத்தை ஒரு மத்தியானம் தீர்த்துவிடுவது இதனால்தான்.

1. முதலில் ஏற்றப் படத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்பாட்டாளர்கள் ஒரு படம் வெளியிடுவார்கள். தூரம் குறுக்கே, உயரம் நெடுக்கே. பலர் அதில் உயரத்தை மட்டும் பார்த்து மிரண்டுபோகிறார்கள். பார்க்கவேண்டியது சரிவு விழுக்காட்டை. 100 மீட்டர் போனால் 8 மீட்டர் ஏறுகிறது என்றால் அது 8 விழுக்காடு.

நம் ஊரிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மேலே போய்ச் சேரும்போது 1,200 மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் வகுத்துப் பார்த்தால் சராசரி 3 விழுக்காட்டு வாக்கில்தான் வருகிறது. கெந்திங் அப்படியில்லை. மலைவழியில் இருக்கும் கோத்தோங் ஜெயா என்ற ஊரைத் தாண்டியதும் சாலை நிமிர்ந்து நிற்கும். 10 விழுக்காட்டைத் தாண்டும் துண்டுகள் அங்கே உண்டு.

இந்த வித்தியாசம் ஜெயிக்கும் ஆளையே மாற்றிவிடும். 2015இல் பிரேசர் மலைக் கட்டத்தை ஜெயித்தவர் அல்ஜீரியாவின் யூசெப் ரெகிகி. அவர் எலும்பும் தோலுமான மலையேறி இல்லை, கூட்டத்தோடு வந்து கடைசியில் பாய்ந்து முடிக்கத் தெரிந்தவர். மிதமான ஏற்றம் அவரை உதறவில்லை. கெந்திங் தீர்த்துவைத்த ஆண்டுகளின் பட்டியல் வேறு மாதிரி. 2009இலும் 2012இலும் கொலம்பியாவின் ஹோசே செர்பா, 2010இல் வெனிசுவேலாவின் ஹோசே ருஹானோ, 2013இல் கொலம்பியாவின் ஹூலியான் அர்ரெடோண்டோ, 2022இல் இன்னொரு கொலம்பியர் இவான் சோசா என்று ஒட்டுமொத்தப் பட்டம் போயிருக்கிறது. ருஹானோவைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் என்றுதான் நினைப்பீர்கள், அவ்வளவு சின்ன உடம்பு. அந்த உடம்போடுதான் 2005 இத்தாலியச் சுற்றில் (Giro d'Italia) மூன்றாவதாக வந்தார், மலைப் பட்டத்தையும் எடுத்தார்.

ஏன் சின்ன உடம்பு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ மலையேறி ஒருவர், 75 கிலோ ஸ்பிரிண்டர் (சமதளத்தில் கடைசி நேரத்தில் பாய்ந்து முடிப்பவர்) ஒருவர். சைக்கிள், தண்ணீர், காலணி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 8 கிலோ. (பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கத்தின் விதி.) மலையேறி விடாமல் 360 வாட் மிதிக்கிறார், ஸ்பிரிண்டர் 375 வாட். பலசாலி ஸ்பிரிண்டர்தான். ஆனால் 1,000 மீட்டர் உயரத்துக்குத் தன்னையும் சைக்கிளையும் தூக்க, காற்றையும் டயர் உராய்வையும் கணக்கில் சேர்க்காமல், மலையேறிக்கு 31 நிமிடம் போதும். ஸ்பிரிண்டருக்கு 36 நிமிடம் ஆகும். கூடுதல் பலம் இருந்தும் ஐந்து நிமிடம் பின்தங்குகிறார். அதனால்தான் இந்த விளையாட்டில் எத்தனை வாட் என்று யாரும் மொட்டையாகக் கேட்பதில்லை, ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்றுதான் கேட்பார்கள். உலகத் தரத்து மலையேறிகள் அரை மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 6 வாட் வாக்கில் பிடிப்பார்கள்.

படத்தில் மலைகளுக்குத் தரமும் போட்டிருக்கும். 4ஆம் தரம் எளிது, 1ஆம் தரம் கடினம், அதற்கும் மேலே தரவரிசைக்கே அடங்காத மலை. மலை மன்னன் பட்டத்துக்கான புள்ளிகள் இந்தத் தரத்தைப் பொறுத்தவை. பிரான்ஸ் சுற்றில் (Tour de France) தரம் கடந்த மலையின் உச்சியை முதலில் தொட்டால் 20 புள்ளி, 4ஆம் தர மேட்டுக்கு 1 புள்ளிதான். அங்கே மலைப் பட்டம் 1933இல் தொடங்கியது. வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த சட்டை வந்தது 1975இல்.

2. உங்கள் ஊர் மேட்டில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்

இதைப் பலர் தவிர்த்துவிடுவார்கள். தவிர்க்காதீர்கள். பந்தய சைக்கிள் தேவையில்லை, பையனின் பழைய சைக்கிள் போதும்.

எங்கள் ஊரில் சனி ஞாயிறு காலையில் கடைவீதிப் பக்கம் வந்தால் சாப்பாட்டுக் கடைகளுக்கு வெளியே சைக்கிள்கள் சாத்தி நிற்கும். கோலாலம்பூரிலிருந்து வந்து, ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, அணைக்கட்டு வழியாக, பிரேசர் மலைக்குச் சாலை பிரியும் கேப் (The Gap) நோக்கி மிதிப்பார்கள். அவர்கள் பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். அணைக்கட்டுப் பக்கம் வந்ததும் 3, 4 விழுக்காடு என்பது தொடையில் எப்படித் தெரிகிறது என்று புரியும். அந்தச் சாலை போதவில்லை என்றால் ஏதாவது ஒரு தோட்டத்து மண்சாலை மேட்டைத் தேடுங்கள். அங்கே 10 விழுக்காடு தாராளமாகக் கிடைக்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அப்பாவிடம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்து, கேரியரின் இரண்டு பக்கமும் வாளியைக் கட்டிக்கொண்டு, பால் நிறுக்கும் கொட்டகைக்குச் செம்மண் மேட்டில் ஏறுவார். வளைவு வந்தால் உள்பக்கம் போகவே மாட்டார். சுற்றிக்கொண்டு வெளி ஓரத்தில்தான் மிதிப்பார். "உள்ள பூந்தா கிட்டம்தான், ஆனா முட்டிக்கிட்டு நிக்கும்டா" என்பார். வளைவின் உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் ஏறும் உயரம் ஒன்றுதான்; உள் ஓரத்தில் தூரம் குறைவு, ஆகவே சரிவு அதிகம். பல வருடம் கழித்து கெந்திங் வளைவு ஒன்றில் நின்றபோது, தெம்புள்ளவன் உள் ஓரத்தை வெட்டிக்கொண்டு போவதையும், வாடிப்போனவன் வெளி ஓரத்துக்கு ஒதுங்குவதையும் பார்த்தேன். முகத்தைப் பார்க்காமலே யாருக்கு முடியவில்லை என்று சொல்லிவிடலாம்.

ஏறும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சமதளத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். செங்குத்தில் வேகம் 15, 20க்கு இறங்கியதும் அந்தச் சலுகை ஏறக்குறைய காணாமல் போய்விடும். சமதளத்தில் ஒருவனைக் காப்பாற்றும் கூட்டம் மலையில் காப்பாற்றாது.

3. நிற்கும் இடம்

மொத்த விஷயத்தில் பாதி இதுதான்.

கடைசி ஏற்றத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடிவாரப் பகுதியில் எல்லோரும் இன்னும் ஒன்றாக இருப்பார்கள், அழகாக இருக்கும், ஆனால் கதை எதுவும் நடக்காது. உச்சியில் கதை முடிந்திருக்கும். நடுப்பகுதியின் இறுதியில், அதாவது முடிவுக்கு 3 முதல் 6 கிலோமீட்டர் முன்னால், சரிவு திடீரென்று கூடும் இடம் ஒன்று இருக்கும். மலையேறிகள் பாய்வது பெரும்பாலும் அங்கேதான். ஏனென்றால் சரிவு கூடும்போதுதான் பின்னால் ஒட்டியிருப்பவனுக்கு ஒட்டியிருப்பதன் லாபம் போய்விடுகிறது. கெந்திங்கில் கோத்தோங் ஜெயாவுக்கும் சின் சுவீ கோயிலுக்கும் இடைப்பட்ட மேல்சாலையில் இப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கும்.

வளைவின் வெளிப்புறம் நிற்கவேண்டாம். மழை பெய்திருந்தால் வண்டிகள் வழுக்கி வருவது அந்தப் பக்கம்தான். வளைவைத் தாண்டி முப்பது நாற்பது மீட்டர் மேலே, உள்பக்கம், கொஞ்சம் உயரமான மேடு இருந்தால் நல்லது. கீழே ஒரு சாலைத் துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது: கீழே போகும்போது ஒருமுறை, நம் முன்னால் வரும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை பார்க்கலாம். விளக்குக் கம்பம் ஒன்று அருகில் இருக்கட்டும், ஏன் என்று 6ஆம் படியில் சொல்கிறேன். காட்டோரம் என்றால் காலில் அட்டை ஏறும். கோயில், ஹோட்டல், கடை பக்கத்தில் நின்றால் கழிவறை இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் பந்தய நுணுக்கத்தைவிடக் கழிவறையை முன்னால் வைப்பது நல்லது. நான் ஒரு வருடம் அப்படிச் செய்யாமல் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

4. போய்ச் சேர்வதும், பையில் போட்டுக்கொள்வதும்

மலைச்சாலையை வீரர்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே போலீசார் மூடிவிடுவார்கள். எத்தனை மணிக்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக மேலே இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. ஒருமுறை சாலையோரப் புல்லில் காரைக் குத்தவைத்துவிட்டு, பந்தயம் முடிந்தபின் இரு பக்கமும் பேருந்துகள் அடைத்து, ராத்திரி எட்டு மணிவரை காருக்குள் முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். காரைக் கோத்தோங் ஜெயாவில் விட்டுவிட்டு நடந்தோ மோட்டாரிலோ ஏறுவதுதான் உத்தமம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு பத்தாங்காலி வழிதான் கிட்டம். ஆனால் அந்தச் சாலையில் 2022 டிசம்பரில் கோத்தோங் ஜெயாவுக்கு அருகே முகாம் ஒன்றின்மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கனமழைக் காலத்தில் அந்தப் பக்கம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். கராக் நெடுஞ்சாலையில் வந்து கெந்திங் செம்பாவில் ஏறுவது சுற்று வழி, ஆனால் நிச்சயம்.

பையில்: தொப்பி, மழையங்கி, தண்ணீர், நாசி லெமாக் பொட்டலம், சின்ன நோட்டுப் புத்தகம், பேனா. கைப்பேசியில் மின்னூட்டம் முழுசாக இருக்கட்டும். ஒரு குளிர்ச்சட்டை கட்டாயம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். கீழே பனியன் நனைய வேர்த்தவர் மேலே பனியில் நடுங்குவார்.

வீரர்களுக்கும் இதே பாடுதான். ஏறும்போது சட்டை ஜிப்பைத் தொப்புள்வரை திறந்துவிட்டுக்கொண்டு ஏறுவார்கள். நடுவழி மலை என்றால் உச்சியைத் தாண்டியதும் எதிர்க்காற்று நெஞ்சில் அறையும். ஐரோப்பாவில் அந்தக் காலத்திலிருந்தே உச்சியில் நிற்கும் ஆட்கள் பழைய செய்தித்தாளை நீட்டுவார்கள், வீரர் அதை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் காலையில் மோட்டாரில் போகிறவர்கள் குளிர்ச்சட்டையை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு போவதும் இதே வித்தைதானே.

5. முதலில் வருவது பந்தயம் இல்லை

புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் மோட்டார் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று, அரை மணி நேரம் கை வலிக்கக் கொடி ஆட்டிவிட்டு, வீரர்கள் வரும்போது களைத்துப்போவார்கள். வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விளம்பர வண்டிகள் முதலில் வந்தாலும் வரும். தொப்பி, விசிறி ஏதாவது வீசினால் பொறுக்கிக்கொள்ளலாம். அப்புறம் போலீஸ் மோட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கமாக. பிறகு நடுவர்களின் கார். ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். நேரடி ஒளிபரப்பு இருந்தால் வீரர்கள் எங்கே என்பதை அது தலைக்கு மேலேயே சொல்லிவிடும். ஒரு மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தவர் கையில் பலகை இருக்கும். முன்னால் போகிறவர்களின் எண்ணும், பின்னால் வரும் கூட்டத்துக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளியும் அதில் எழுதியிருக்கும். அதைப் படித்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருகிறவர்கள் காலையிலேயே பிரிந்து முன்னால் போனவர்கள். இரண்டு பேர் இருக்கலாம், எட்டுப் பேர் இருக்கலாம். பெரும்பாலும் பட்டத்துக்கு ஆசைப்படாதவர்கள். மலைப் புள்ளிக்கோ, தன் அணியின் பெயர் தொலைக்காட்சியில் வரட்டும் என்பதற்கோ போனவர்கள். நம் மலேசிய அணிப் பையன்களை இங்கேதான் அடிக்கடி பார்க்கலாம். சமதளத்தில் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிட முன்னிலையைப் பெருங்கூட்டம் பிடித்துவிடும் என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. மலையில் அது செல்லாது, ஒரே கிலோமீட்டரில் ஒரு நிமிடம் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் பட்டத்துக்காரர்களின் கூட்டம். அதன் பின்னால் கூரையில் சைக்கிள்களை அடுக்கிய அணிக் கார்கள். அதற்கும் பின்னால் சிதறிய ஆட்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், முடியாமல் விட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி. ஐரோப்பாவில் அதற்குத் துடைப்பக்கட்டை வண்டி என்றே பெயர். அது போகும்வரை பந்தயம் முடியவில்லை.

6. கடிகாரமும் கண்ணும்

விளக்குக் கம்பத்துக்கு வருவோம். முதல் ஆள் கம்பத்தைத் தாண்டும்போது கைப்பேசியில் கடிகாரத்தை அமுக்குங்கள். அடுத்த ஆள் அதே கம்பத்தைத் தாண்டும்போது நேரத்தைக் குறியுங்கள். அவ்வளவுதான். தூரத்தைக் கண்ணால் அளக்க முயலாதீர்கள், மலை ஏமாற்றும். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது 30 விநாடி என்பது 170 மீட்டர்கூட இல்லை, எட்டிப் பிடிக்கலாம் போலத் தெரியும். அதே 30 விநாடி 72 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது 600 மீட்டர், ஆளே கண்ணில் படமாட்டான். இடைவெளி ஒன்றுதான். மலையில் எதிரியின் முதுகு எப்போதும் கண்முன்னால் தெரிந்துகொண்டே இருப்பதுதான் துரத்துகிறவனுக்குப் பெரிய சித்திரவதை.

முடிந்தால் நண்பர் ஒருவரை ஒரு கிலோமீட்டர் கீழே நிறுத்துங்கள். அவர் எடுத்த இடைவெளியும் நீங்கள் எடுத்ததும் சேர்ந்தால் யார் யாரை நெருங்குகிறார் என்று தெரிந்துவிடும். ஒரு வருடம் தங்கை மகனைக் கீழே நிறுத்தினேன். போன் அடித்து, "மாமா, மூனு பேரு ஒன்னா வர்றாங்க, நடுவுல உள்ளவன் வாயத் தொறக்கவே இல்ல லா" என்றான். நேரம் எடுக்க மறந்துவிட்டான். ஆனால் சொன்ன விஷயம் நேரத்தைவிட உபயோகமானது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுகிறவனிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. என் கம்பத்துக்கு வந்தபோது அந்த நடுவில் இருந்தவன் தனியாக வந்தான்.

கண்ணில் எதைப் பிடிக்கவேண்டும் என்றால், முதலில் கூட்டத்தின் தலைப்பக்கம். ஒரே நிறச் சட்டையில் இரண்டு மூன்று பேர் வரிசையாக இழுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் துணைவீரர்கள், தலைவன் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ பதுங்கி வருவான். முன்னால் இழுப்பவன் சக்தி தீர்ந்ததும் சட்டென்று ஓரம் ஒதுங்குவான். பார்ப்பதற்கு சைக்கிள் அப்படியே நின்றுவிட்டதுபோல இருக்கும். அவன் வேலை முடிந்தது. அவர்கள் வேகத்தை உயர்த்தி வைப்பதே எவனும் தாவக்கூடாது என்பதற்குத்தான்.

பாயப் போகிறவனின் அறிகுறிகள் சில. பின்னால் திரும்பி முகங்களைப் பார்ப்பான். தண்ணீர்ப் புட்டியைக் கடைசியாக ஒரு வாய் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுவான். அந்த எடை மிச்சம். (குப்பை போட அனுமதித்த பகுதிக்கு வெளியே வீசினால் அபராதம் உண்டு.) கியர் மாறும் சத்தம் கிட்டத்தில் நன்றாகக் கேட்கும், எல்லோரும் எளிய கியருக்குப் போகும்போது ஒருவன் மட்டும் கனமான கியருக்குப் போனால் அடுத்த நொடி இருக்கையைவிட்டு எழுந்துவிடுவான்.

முடிந்துபோனவனையும் பாருங்கள். தோள் ஆடும். முழங்கால் வெளியே விரியும். கறுப்புக் கால்சட்டையில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். ஒருமுறை என் முன்னால் ஒரு கை தூரத்தில் போனவனின் மூக்குநுனியிலிருந்து வியர்வை ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொரு சொட்டாகக் கைப்பிடியில் விழுந்தது. மூச்சில் விசில் சத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவனுக்கு பல நேரம் கால் பிரச்சினை இல்லை, வயிறுதான். மணிக்கு 60 முதல் 90 கிராம், இப்போது சிலர் அதற்கும் மேலே, மாவுச்சத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அடிவார வெயிலில் அதை மறந்தவன் கெந்திங்கில் பட்டினி கிடப்பான்.

7. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்

கைதட்டலாம், கத்தலாம். மலேசியா போலே (மலேசியாவால் முடியும்) என்று தொண்டை கிழியக் கூவலாம். கூடவே ஓடக்கூடாது. கைப்பேசியை நீட்டிக்கொண்டு சாலைக்குள் ஓர் அடி வைப்பதால் விழுந்தவர்கள் உண்டு; வீரரின் கைப்பிடி நீங்கள் நினைப்பதைவிட அகலம். தலையில் தண்ணீர் ஊற்றுவது உதவி என்று நினைக்காதீர்கள், பனிக்குள் போகப்போகிறவனுக்கு அது தண்டனை.

தள்ளிவிடவும் கூடாது. நானே தள்ளியிருக்கிறேன். கடைசிக்கு முந்தைய ஆள், முகத்தைப் பார்த்து மனது பொறுக்காமல் இருக்கைக்குக் கீழே கை வைத்து நாலு அடி தள்ளினேன். பின்னால் மோட்டாரில் வந்த நடுவர் விசில் ஊதி என்னைத் திட்டியதுகூடப் பரவாயில்லை. தள்ளு வாங்கினால் தண்டனை வீரருக்குத்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அணிக் காரிலிருந்து புட்டி கொடுக்கும் சாக்கில் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டே இழுத்துப் போவதும் இதே குற்றம்தான்.

8. முதல் ஆள் போனதும் கிளம்பாதீர்கள்

பத்துப் பதினைந்து பேர் போனதும் பாதிக் கூட்டம் பாயைச் சுருட்டும். இருங்கள். நல்லது பின்னால் வருகிறது.

ஸ்பிரிண்டர்கள், களைத்த துணைவீரர்கள், காலையில் விழுந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டமாக ஏறுவார்கள். இத்தாலியர்கள் இதைக் குருப்பெட்டோ என்பார்கள், சின்னக் கூட்டம் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் பஸ் என்பார்கள். இவர்களுக்கு எதிரி மலை மட்டுமில்லை, கடிகாரமும்தான். ஜெயித்தவரின் நேரத்தோடு குறிப்பிட்ட விழுக்காட்டைச் சேர்த்து, அதற்குள் வராதவர் மறுநாள் ஓட முடியாது. ஜெயித்தவர் 4 மணி நேரத்தில் முடித்து, வரம்பு 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 36 நிமிடம். அந்த 36 நிமிடத்தை எப்படிச் செலவு செய்வது என்று கூட்டத்தில் அனுபவசாலி ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டே வருவார். ஒரு துளிகூட வீணாக்காமல், ஒரு துளிகூடக் குறையாமல். நேற்று சமதளத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டவர்கள் இன்று ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுப்பார்கள். நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், கண்ணடிப்பார்கள். நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டினால் வாங்கிக்கொள்ளவும் ஆள் உண்டு என்று தங்கை மகன் சாதிக்கிறான். நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் முடிவுப் பட்டியல் வந்ததும் நோட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் முடிவு வேறு, ஒட்டுமொத்த வரிசை வேறு. முதல் மூன்று பேருக்கு வழக்கமாக 10, 6, 4 விநாடி சலுகை கழியும், அதைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் கம்பத்தில் 18 விநாடி பின்னால் போனவர் உச்சியில் ஒன்றரை நிமிடம் பின்தங்கியிருந்தால், உடைந்தது உங்களுக்கு மேலே. அடுத்த முறை ஒரு கிலோமீட்டர் மேலே நில்லுங்கள். கம்பத்திலேயே ஒரு நிமிடம் இருந்து உச்சியிலும் ஒரு நிமிடம்தான் என்றால், கீழே போகவேண்டும். என் நோட்டில் இப்படி அம்புக்குறி போட்டுப் போட்டுத்தான் இப்போது நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அது எந்தக் கம்பம் என்று சொல்ல மாட்டேன், ஏற்கெனவே அங்கே கூட்டம் சேர்கிறது.

கடைசி வண்டி போனதும் போலீஸ் சாலையைத் திறக்கும். உடனே ஓடிப்போய் காரை எடுக்காதீர்கள், ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினாலும் வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரம் ஒன்றுதான். இறங்கும்போது கியரைக் குறைத்துப் போட்டு இறங்குங்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே போனவர்களின் கார்கள் கோத்தோங் ஜெயாவில் ஓரங்கட்டி நிற்கும், பிரேக் கருகிய வாடையோடு.